ஓவனுக்குப் போகுமுன் பீன்ஸ் கொதிக்க வேண்டும்

வெள்ளவத்தையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா வந்திருந்தார். கோதுமை மா இல்லாத கேக் செய்ய ஆசைப்பட்டு, சிவப்பு கிட்னி பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் முட்டையும் கொக்கோவும் சேர்த்து அரைத்து, அப்படியே ஓவனில் வைத்திருக்கிறார். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைகள் இருவருக்கும் விடாத வாந்தி. அடுத்த நாள் தேறிவிட்டார்கள். அவர் முட்டையைத்தான் சந்தேகப்பட்டார். எனக்குப் பீன்ஸ் மேல்தான் சந்தேகம்.

இந்த விதையில் லெக்டின் என்றொரு புரதம் இருக்கிறது. வேகாத நாலைந்து விதையே வாந்தி எடுக்க வைத்துவிடும். ஓவன் 180 பாகையில் இருக்கிறதே என்பார்கள். ஆனால் ஈரம் உள்ளவரை கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது. அதை நெருங்குவதே கடைசிச் சில நிமிடங்களில்தான். ஸ்லோ குக்கர் இன்னும் மோசம்: 80 பாகைச் சூட்டில் நஞ்சு கூடவும் செய்யும்.

குறைந்தது 5 மணித்தியாலம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அப்புறம் தீயைக் குறைத்து வேகவையுங்கள். ஒரு விதையை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள்: தோலோடு குழைந்து பசையாக வேண்டும். நடுவில் கட்டியாக ஏதும் தட்டுப்பட்டால் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, கழுவி எடுத்தால் போதும்.

பயற்றம் பணியாரத்துக்குப் பயறை வறுத்துத்தானே மா இடிக்கிறோம், இதையும் வறுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயறுக்கு அது சரி. கிட்னி பீன்ஸுக்கு வறட்டுச் சூட்டை நம்ப முடியாது.

புது வகைகளைத் தேடுங்கள், எனக்கும் அதில் பெரிய ஆசை. கறுப்பு பீன்ஸ் கொக்கோவோடு சேர்ந்தால் நிறமும் தெரியாது, கேக்கும் ஈரப்பதமாக வரும். ஆனால் அதுவும் கிட்னி பீன்ஸின் அதே இனம், ஆகவே அதே கொதி. தோட்டத்து வாளவரையைப் பிஞ்சாகக் கறி வையுங்கள். முற்றிய விதையைக் கேக்குக்கு எடுக்காதீர்கள். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது கௌபி: குழைய அவித்து மசித்து, தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் சேர்த்தால் அருமையாக இருக்கும்.

மத்திய கிழக்கிலிருந்து உறவினர் ஃபாவா பீன்ஸ் கொண்டுவந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம். அவருடைய சிவப்பணுக்கள் உடைந்துவிடலாம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த ஆபத்து போகாது.