முதல் பெயிண்ட்பால் துப்பாக்கி: குழலை விடுங்கள், சிலிண்டரைப் பாருங்கள்

சாயம் நிறைந்த குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் பெயிண்ட்பால் விளையாட்டை ஆடத் தொடங்கியவர்கள் முதல் துப்பாக்கி வாங்கும்போது கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “எது அதிக தூரம் சுடும்?” அநேகமாக எல்லாமே ஒரே தூரம்தான். ஆட்டத்துக்கு முன் வேகமானியில் சுட்டுக் காட்ட வேண்டும். உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி. பல மைதானங்களில் 280. குண்டின் விட்டம் 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். எடையும் வேகமும் ஒன்றென்றால் போய் விழும் இடமும் ஒன்றுதான். பின்சுழற்சி தரும் தனிவகைக் குழல்கள் மட்டுமே விதிவிலக்கு. நீளக் குழல் தூரம் கூட்டும் என்பது வெறும் மூடநம்பிக்கை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

உண்மையான வேறுபாடு குண்டைத் தள்ளும் வாயுவில் இருக்கிறது. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹெனிக்கர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளமிடும் நெல்ஸ்பாட் 007 துப்பாக்கி. உள்ளே 12 கிராம் கார்பன் டை ஆக்சைடுக் குப்பி. இன்றைய மலிவு ரகங்களும் அதே வாயுவில் ஓடுகின்றன.

இதன் அழகு சமையல் எரிவாயு சிலிண்டரிலேயே தெரியும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. உள்ளே தளும்புவது திரவம். அதன்மேல் நிற்பது ஆவி. கொஞ்சம் ஆவி வெளியேறினால் கொஞ்சம் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. அழுத்தம் எவ்வளவு திரவம் மிச்சம் என்பதைப் பார்ப்பதில்லை, வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. துப்பாக்கியிலும் அப்படியே: கடைசிச் சொட்டு வரை திரவமே அழுத்தத்தைக் காக்கிறது.

ஆனால் ஆவியாக வெப்பம் வேண்டும்; திரவம் அதைத் தன்னிடமிருந்தே எடுக்கிறது. ஓட்டல் அடுப்புக்கு வேகமாக வாயு தரும் சிலிண்டரின் அடிப்பாகம் வியர்ப்பது இதனால்தான். விடாமல் சுட்டால் கார்பன் டை ஆக்சைடும் குளிர்கிறது. 20 டிகிரி செல்சியஸில் வளிமண்டலத்தைப் போல் 57 மடங்காக இருக்கும் அழுத்தம் 10 டிகிரியில் 45, 0 டிகிரியில் 35 மடங்கு என்று இறங்கிவிடும். குண்டு பாதியில் விழும். ஆவியாகாத திரவம் துப்பாக்கிக்குள் புகுந்தால் நிலைமை நேரெதிர்: உள்ளே போய் விரிந்து வேகம் வரம்பைத் தாண்டும், ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள் உறைந்து விரிசல் விடும்.

சூட்டிலும் ஓர் எல்லை உண்டு: 31 டிகிரி. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடுகிறது. தன்னைத்தானே காத்த அழுத்தம் இப்போது நிரப்பிய அளவுக்கேற்ப ஏறும். சென்னையின் மே மாத மதியம் இந்த எல்லைக்கு அப்பால்தான். 20 அவுன்ஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, நிரப்பும் வாயுவை 567 கிராமோடு நிறுத்துவது அதற்காகத்தான். கூடுதலாக நிரப்பி வெயிலில் நிற்கும் காரில் விட்டால் பாதுகாப்புத் தகடு வெடித்துத் திறக்கும்.

கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்று அழுத்தக் காற்று. அதில் திரவமே இல்லை, ஆகவே இந்தத் தொல்லைகளும் இல்லை. 48 கன அங்குல, 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அலுமினிய சிலிண்டர் தொடக்கத்துக்குப் போதும். சுமார் 450 குண்டுகள் வரும். கழுத்திலுள்ள ரெகுலேட்டர் ஏறக்குறைய 800 பிஎஸ்ஐ-யில் காற்றை விடும். பழைய சிலிண்டர் என்றால் பொறித்த தேதியைப் பாருங்கள். 5 ஆண்டுக்கொருமுறை நீரழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும்.

துப்பாக்கியில், டிப்மன் 98 போன்ற ஸ்பிரிங் ரகம் என் தேர்வு. சுத்தியல் வால்வைத் தட்டும்; வெளிவரும் வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளும், மறுபங்கு சுத்தியலைப் பின்னால் தள்ளிக் கொக்கியில் மாட்டும். இரண்டு வாயுவும் ஏற்கும். அழுத்தம் குறைந்தால் கொக்கி மாட்டாமல் தானாகப் படபடவென்று சுடும். குழலைத் தரைப்பக்கம் திருப்பி உடனே சிலிண்டரைக் கழற்றுங்கள். மின்னணு ரகத்தில் கார்பன் டை ஆக்சைடு வேண்டவே வேண்டாம், திரவம் உள்ளே போனால் மின்வால்வு கெடும்.

மிச்சப் பணத்தை முகக்கவசத்தில் போடுங்கள். 280 அடி வேகக் குண்டில் சுமார் 11 ஜூல் ஆற்றல் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அதைத் தாங்காது. ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்ற தரக்குறி இருக்க வேண்டும்.

குழலில் ஒரு குண்டைப் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு விழக்கூடாது. வாயால் ஊதினால் வெளியே வர வேண்டும். குண்டின் ஓடு ஜெலட்டின் என்பதால் ஈரக்காற்றில் ஊதிப்போகும். பையைத் திறந்த ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.