22,000 சாவடிகளுக்கு 1,070 போதுமா?

கானாவின் 2008 அதிபர் தேர்தலைப் பற்றி ஒரு வாசகர் கேட்கிறார்: அப்போது ஏறத்தாழ 22,000 வாக்குச்சாவடிகள் இருந்த நாட்டில் வெறும் 1,070 சாவடிகளின் எண்ணிக்கையை வைத்து, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் முடிவு சரியா என்று ஒரு குடிமக்கள் குழு எப்படிச் சொல்ல முடியும்?

அந்தக் கணக்கைப் போட்டது, உள்நாட்டுப் பார்வையாளர்களின் கூட்டமைப்பான கோடியோ. முறையின் பெயர் இணை வாக்குத் தொகுப்பு. இது கருத்துக்கணிப்பு அல்ல. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று எவரையும் கேட்பதில்லை. கானாவில் வாக்குகளைச் சாவடியிலேயே எல்லோர் முன்னிலையிலும் எண்ணுகிறார்கள். காலையில் சாவடி திறக்கும் முன்பே வந்து அமர்ந்த பார்வையாளர், எண்ணி முடிந்ததும் ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கையும் குறித்துக் குறுஞ்செய்தியில் மையத்துக்கு அனுப்புகிறார். மேலிடத்தில் கூட்டும்போது எண் மாறினால் காட்டிக்கொடுக்க, மாறுவதற்கு முந்தைய எண் கையில் இருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எல்லா அரிசியும் ஒரே உலையில் வெந்ததால் அது பலிக்கிறது. சாவடிகள் அப்படி இல்லை. அஷாந்தி பகுதியில் ஒரு கட்சி அள்ளும், வோல்ட்டா பகுதியில் எதிர்க்கட்சி அள்ளும். ஆகவே சாவடிக்குச் சாவடி ஒரு வேட்பாளரின் வாக்கு விகிதம் எவ்வளவு சிதறுகிறது என்பதுதான் கணக்கின் அடித்தளம். அந்தச் சிதறலின் அளவான திட்ட விலக்கம் 25 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1,070-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 32.7. வகுத்தால் 0.76, 95 சதவீத உறுதிக்கு 1.96-ஆல் பெருக்கினால் பிழை எல்லை, அதாவது நம் மதிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, 1.5 புள்ளி. இந்த 1,070 சாவடிகளில் லட்சக்கணக்கானோர் வாக்களித்திருந்தாலும் கணக்கில் நுழைவது 1,070 மட்டுமே. ஏனெனில் ஒரே சாவடிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வாக்களிப்பவர்கள்.

இதில் மொத்தச் சாவடிகள் எத்தனை என்ற எண் எங்கேயாவது வந்ததா? வரவில்லை! 22,000 என்பதைச் சேர்த்தால் 1.5 என்பது 1.46 ஆகக் குறையும், அவ்வளவுதான். நாடு பத்து மடங்கு பெரிதாக இருந்தாலும் அதே 1,070 சாவடிகள் அதே 1.5-ஐத் தரும். வர்க்கமூலத்தின் இந்த அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாவடிகளை ஒரே குலுக்கலில் எடுக்காமல், அப்போதிருந்த 230 தொகுதிகளுக்கும் அவற்றின் அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியே குலுக்கினால், பகுதிகளுக்கு இடையிலான வேறுபாடு பிழையில் சேராது. தொகுதிக்குள் மட்டும் உள்ள சிதறல் 12 புள்ளி என்றால் பிழை எல்லை 0.7 ஆகிவிடும். ஒரு சாவடிகூடக் கூடவில்லை.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் கணிதம் அல்ல, வராத தகவல். சாலையும் சிக்னலும் இல்லாத சாவடிகள் பிந்தி வரும்; அவை நகரச் சாவடிகளைப் போல வாக்களிப்பதில்லை. 800 சாவடிகள் வந்தவுடன் அறிவித்தால் குலுக்கல் செத்துவிடும். 1986-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தலில் நாம்ஃபிரெல் என்ற குடிமக்கள் பார்வையாளர் அமைப்பு மாதிரி எடுக்காமல் எல்லாச் சாவடிகளையும் எண்ண முயன்றது. ஏறத்தாழ 70 சதவீதம்தான் தேறியது. அதில் எதிர்க்கட்சி வேட்பாளர் அக்கினோ 78,35,070, பதவியில் இருந்த அதிபர் மார்கோஸ் 70,53,068. அரசுத் தரப்பின் கணக்கோ மார்கோஸ் 1,08,07,197, அக்கினோ 92,91,761 என்றது. மீதி 30 சதவீதம் எங்கள் பக்கம் என்று எவரும் வாதிட இடம் இருந்தது. முறையாகக் குலுக்கி, முழுதாக வந்துசேர்ந்த ஆயிரம் சாவடிகள் அந்த வாதத்துக்கு இடமே தராது.

அடுத்த ஆபத்து, எட்டாத சாவடிக்குப் பதில் பக்கத்துச் சாவடியில் உட்கார்ந்துவிடும் பார்வையாளர். அதனால் இடமாற்றத்தை அனுமதிக்கவே கூடாது. காலையிலேயே "வந்துவிட்டேன்" என்ற செய்தி சாவடி எண்ணோடு வர வேண்டும். வராவிட்டால் மதியத்துக்குள் ஆள் அனுப்பலாம். மாலைச் செய்தியில் வேட்பாளர்களின் வாக்குகளும் செல்லாதவையும் கூடிப் பெட்டியில் இருந்த மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். அந்த மொத்தம், சாவடியின் பட்டியலில் உள்ள வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. பொருந்தாவிட்டால் தொலைபேசியில் திரும்பக் கேட்க வேண்டும், ஊகித்துத் திருத்தக் கூடாது.

எண்ணும் முன்பே பெட்டியில் திணித்த வாக்கை இந்த முறை நல்ல வாக்காகவே கூட்டும். பெட்டியைக் காலியாகக் காட்டினார்களா, யாரையாவது விரட்டினார்களா என்ற தனிப் படிவம் அதற்காகத்தான். இவற்றுக்கெல்லாம் பயிற்சி வேண்டும். சாவடிப் பட்டியலைச் சரிபார்க்கவே மாதங்கள் பிடிக்கும். தேர்தல் நெருங்கும்போது மட்டும் நிதி தருவது பெரிய தவறு என்பது என் கருத்து. ஓராண்டு முன்பே தர வேண்டும்.

2008 டிசம்பர் 28-இல் கானாவின் இரண்டாம் சுற்று நடந்தது. இறுதி முடிவில் அட்டா மில்ஸ் 50.23 சதவீதம், அகுஃபோ-அடோ 49.77, இடைவெளி 40,586 வாக்குகள். இதைப் பிரித்தறிய பிழை எல்லை 0.23-க்குக் கீழே இறங்க வேண்டும். மேலே எடுத்துக்கொண்ட 12 புள்ளிச் சிதறலுக்கு, 22,000 என்ற மொத்தத்தையும் கணக்கில் சேர்த்தால்கூட, ஏறத்தாழ 7,000 சாவடிகள் தேவை. 1,070 சாவடிகளால் வென்றவர் யார் என்று சொல்ல இயலாது. ஆனால் யாராவது மேலே இருந்து நான்கைந்து புள்ளிகளைக் கூட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வெற்றியாளர் யார் என்பதற்கு, வாக்குப்பதிவு தள்ளிப்போயிருந்த டைன் என்ற ஒரே தொகுதி 2009 ஜனவரி 2-இல் வாக்களிக்கும்வரை நாடே காத்திருக்க வேண்டியிருந்தது.