'ரா' என்ற சொல்லும் கடவுள்மேல் சுமத்தப்படும் பழியும்

விவிலிய மொழிகளைக் கற்பிப்பது என் தொழில். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது ஒரே வசனம், ஏசாயா 45:7. "சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே." ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருப்பார்கள். பழைய ஏற்பாட்டின் கடவுள் நம்மை இந்த உலகத்தில் அடைத்துவைத்த போலிக் கடவுள், இயேசு சொன்ன தந்தை வேறொருவர், திருச்சபை அதை மறைத்துவிட்டது என்று அதில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். கேட்டவருக்கு அன்றிலிருந்து ஜெபிக்க முடியவில்லை. கேள்வி கேட்பது தவறே இல்லை. பாதி வசனத்தை வைத்து ஒருவருடைய நிம்மதியைப் பறிப்பதுதான் எனக்கு வேதனை தருகிறது.

அந்த வசனத்தில் 'தீங்கு' என்று இருக்கும் எபிரேயச் சொல் 'ரா'. அறக்கேடும் அதுதான், பேரிடரும் அதுதான். எரேமியா 24-இல் தின்ன முடியாதபடி கெட்டுப்போன அத்திப்பழங்களுக்கும் இதே சொல்தான் வருகிறது. அத்திப்பழம் பாவம் செய்யாது. ஆகவே எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் காட்டும். ஏசாயாவில் 'ரா'வுக்கு எதிரே நிற்பது 'ஷாலோம்', அதாவது சமாதானம், நல்வாழ்வு. அதற்கு எதிர்ப்பதம் பாவம் அல்ல, அழிவு. பாரசீக அரசன் கோரேசை முன்னிறுத்திப் பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பேசும் அதிகாரம் அது. 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இன்று அறத்தீமையையே நினைவூட்டும் சொல்லை இங்கே போட்டது. குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'தீமை' என்னாமல் 'தீங்கு' என்றது. நுட்பமான தேர்வு அது.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 1 சாமுவேல் 15:3 கடவுளின் கட்டளையாகக் குழந்தைகளையும் கொல்லச் சொல்கிறது. எந்தச் சொல்லாராய்ச்சியும் அந்த வசனத்தை மென்மையாக்காது. வேதத்துக்குள்ளேயே இந்தத் தவிப்பு இருக்கிறது. தாவீது மக்கள்தொகை எடுத்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனை ஏவியது கர்த்தருடைய கோபம் என்கிறது 2 சாமுவேல் 24:1. அதே கதையைத் திரும்பச் சொல்லும் 1 நாளாகமம் 21:1, சாத்தான் ஏவினான் என்கிறது. பின்னால் எழுதியவருக்கு முந்தைய வாக்கியம் உறுத்தியிருக்க வேண்டும் என்றே நான் படிக்கிறேன்.

இனி மறுபக்கம். அந்தக் காணொளிகளின் வேர் 'நாஸ்டிக்' எனப்படும் ஞானவாதிகள், உலகைப் படைத்தவர் உயர்ந்த கடவுள் அல்ல என்ற பழங்காலக் குழுக்கள். 'நாஸ்டிக்' என்றதும் நாத்திகம் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடர்பே இல்லை. 'க்னோசிஸ்' என்றால் கிரேக்கத்தில் ஞானம். 1945-இல் எகிப்தின் நாக் ஹமாதி அருகே ஒரு சாடிக்குள் 13 சுவடித் தொகுதிகள் கிடைத்தன. எல்லாம் காப்டிக் மொழி. அதுவரை இந்தக் குழுக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, கி.பி. 180 வாக்கில் எழுதிய லியோன் ஆயர் இரேனியு போன்ற எதிரிகள் சொன்னது. அந்தச் சுவடிகளில் உள்ள 'யோவானின் இரகசிய நூல்' என்பதை நான் வகுப்பில் முழுதாகவே படிக்க வைக்கிறேன். யல்தபாவோத் என்ற அறிவற்ற ஆட்சியாளன் உலகை உருவாக்கிவிட்டு, "நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறு தேவன் இல்லை" என்கிறான். வேறொருவர் இல்லையென்றால் யார்மேல் எரிச்சல் என்று நூல் உடனே மடக்குகிறது. கூர்மையான வாசிப்பு. ஆனால் அது பழைய ஏற்பாட்டுக் கடவுளின் வாக்கு. எரிச்சல் என்பது அங்கே உடன்படிக்கையின் மொழி, கணவன் மனைவி உறவின் மொழி. அந்த உறவை உருவிவிட்டால் மிஞ்சுவது பொறாமை மட்டும்.

ஞானவாதிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்பதும் பிழை. வாலன்டைன் என்ற ஞானவாத ஆசிரியரின் பள்ளியைச் சேர்ந்த தொலமேயு, புளோரா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மோசேயின் சட்டத்தைத் தந்தவர் பரிபூரணக் கடவுளும் அல்ல, பிசாசும் அல்ல, இடையில் நிற்கும் நீதியுள்ளவர் என்கிறார் அவர். காணொளிகளில் இவர் வருவதே இல்லை. கி.பி. 144-இல் ரோமாபுரிச் சபையிலிருந்து விலக்கப்பட்ட மார்சியோன் இன்னொரு வகை. பழைய ஏற்பாட்டை அடியோடு தள்ளி, லூக்காவையும் பவுலின் 10 கடிதங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டித் திருத்தி, வைத்துக்கொண்டார்.

யூதர்களின் கடவுள் தீயவர் என்ற பேச்சு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் 1939-இல் ஐசனாக் நகரில், திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஒழிக்கவென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே யூத அடையாளங்கள் அகற்றப்பட்ட புதிய ஏற்பாடு ஒன்றை அது வெளியிட்டது. இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு மாணவி மூன்று வாரம் விடாமல் இந்த வாதத்தை நடத்தினார். வசனத்துக்கு வசனம் பதில் சொன்னேன். நான்காவது வாரம்தான் தம்பி இறந்ததைச் சொன்னார். அதற்கு முன் நான் பேசியதெல்லாம் அவர் கேட்காத கேள்விக்கான பதில். அதிலிருந்து யார் வந்தாலும், "இந்தக் கேள்வி எப்போது தொடங்கியது?" என்று கேட்டுவிட்டுத்தான் அகராதியைத் திறக்கிறேன்.

அன்று அவரோடு யோபுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்தோம். தன் துன்பத்துக்காகக் கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவன் யோபு. கடவுளுக்காக வழக்காடியவர்கள் நண்பர்கள். 42:7-இல் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். மாணவி அந்த வசனத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, இதை எபிரேயத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.