மைக் வாங்கும் முன் துணை விதியை எழுதுங்கள்

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பதிவு வேலை செய்துதரும் வழக்கறிஞர் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெல்டா பக்கத்திலிருந்து ஆறு பேர் என்னிடம் வந்தார்கள். ஊரில் ஆளுக்கு 500 ரூபாய் வசூலித்து யூடியூபில் ஒரு மக்கள் ஒளிபரப்பு நடத்தியவர்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைவது, வாய்க்கால் தூர்வாராதது என்று நல்ல நல்ல நிகழ்ச்சிகள். அப்புறம் குழுவில் இருந்த இன்னொருவருக்கும் இவர்களுக்கும் மனஸ்தாபம். சேனல் அவருடைய ஜிமெயில் கணக்கில் இருந்தது. ஒரே இரவில் கடவுச்சொல் மாறிவிட்டது.

"சார், இது எங்க எல்லாருக்கும் சொந்தம்தானே?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர். கையில் வைத்திருந்தது ஒரு வசூல் நோட்டு மட்டும். பதிவான அமைப்பு இல்லை, அதை எப்படி நடத்துவது என்று சொல்லும் துணை விதி இல்லை, வங்கிக் கணக்குகூட தனிநபர் பெயரில். ஊரே காசு போட்டிருந்தும், அந்தச் சேனலைக் கேட்டு வழக்குப் போட ஊரின் பெயரில் ஒரு அமைப்பு இல்லை. அன்று அவர்களை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

இப்படிப்பட்டவர்கள் ஏன் இணையத்துக்கு வருகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் சமுதாய வானொலி நடத்துகிறவர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை எடுத்து மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். உள்ளூர்ச் செய்தி பேச நினைப்பவர்களுக்கு மீதி இருக்கும் வழி இணையம். மக்களே உரிமையாளராக இருக்கும் ஊடகம் நடக்கக்கூடியதுதான். பெர்லினில் வெளியாகும் 'டாட்ஸ்' நாளிதழ் 1992-இல் கூட்டுறவாக மாறியது. இன்று 20,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். எவ்வளவு பங்கு போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

சரி, இங்கே எப்படிப் பதிவு செய்வது? கூட்டுறவு என்றதும் எல்லோரும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்குத்தான் போகிறார்கள். 25 பேர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒளிபரப்புக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சட்டத்தின்படி நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டு அரசுத் தரப்பில் தனி அலுவலரை நியமிக்க முடியும். தேர்தல் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தனி அலுவலர் கையிலேயே சங்கங்கள் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். உரக்கடை அதைத் தாங்கும். அரசைக் கேள்வி கேட்கும் ஒளிபரப்பு தாங்காது.

அதனால் நான் சொல்வது, கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின்கீழ் பங்கு மூலதனம் இல்லாத, லாபநோக்கற்ற நிறுவனம். கூட்டுறவின் உயிரான 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்பதை அதன் சங்க விதிகளிலேயே (நிறுவனத்துக்குத் துணை விதி இதுதான்) எழுதிவிடலாம். ஆசிரியர் குழுவை யார் நியமிப்பது, யார் நீக்குவது, நிர்வாகிகள் ஒரு செய்தியை நிறுத்தச் சொல்ல முடியுமா என்பதையும் அங்கேயே எழுதுங்கள். சேனலை, ஒருவருக்கு மேல் நிர்வகிக்கக்கூடிய பிராண்டு கணக்காக மாற்றி இரண்டு மூன்று உரிமையாளர்களைச் சேருங்கள். டொமைன், அதாவது இணைய முகவரி, நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். "நமக்குள்ள என்ன சார்" என்று சொல்லும் குழுவிடம்தான் நான் இதை இரண்டு முறை சொல்வேன்.

அடுத்தது பணம். இதில் நல்ல மனதோடு பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, மூன்றாம் பிரிவின்படி மின்னணு வழியில் ஒலிச் செய்தி, காணொலிச் செய்தி, நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் அல்லது ஒளிபரப்பும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. அனுமதி கேட்டு வாங்கவும் வழி இல்லை. துபாயில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் அண்ணன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. சித்தப்பாவின் காசை வாங்கிக்கொண்டு பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. முதல் ரசீது போடும் முன்பே குடியுரிமை கேட்கும் ஒரு கட்டம் உறுப்பினர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

சொந்தமாக ஒலி ஓடை (ஆடியோ ஸ்ட்ரீம்) நடத்துவதாக இருந்தால் இன்னொரு கணக்கு. வானொலி நிலையத்தின் அலைபரப்பியில் ஆயிரமாவது நேயருக்குத் தனிச் செலவு இல்லை. இணையத்தில் உண்டு. நொடிக்கு 64 கிலோபிட் ஓடையை ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 எம்பி; ஆயிரம் பேர் கேட்டால் 28.8 ஜிபி. கேட்பவர் கூடக்கூட சர்வர் செலவு ஏறும். சந்தாவைத் தீர்மானிக்கும்போது இதையும் சேருங்கள்.

கடைசியாக, பாட்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு ஒலிபரப்பாளர்களுக்குத் தரும் சட்டப்பூர்வ உரிமம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆக, சினிமாப் பாட்டு போட வேண்டுமானால் உரிமையாளரிடம் பேசி உரிமம் வாங்க வேண்டும். "ரேடியோவில் போடுறாங்களே" என்பது பதில் ஆகாது.

அந்த ஆறு பேர் போன தை மாதம் மறுபடி வந்தார்கள். இந்த முறை 38 உறுப்பினர்கள், பதிவு முடிந்துவிட்டது. சினிமாப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்து, ஊரில் நடவுப்பாட்டு பாடும் மூன்று பெண்களை உறுப்பினராக்கியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக்கு அந்தப் பெண்களுக்கு எவ்வளவு தருவது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, அவர்கள் கையெழுத்தோடு. பழைய சேனல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.