புகார் ‘முடிந்துவிட்டது’ என்கிறார்களா? ஆதாரம் கேளுங்கள்

சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தெருவில் கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் புகார் சொல்கிறோம். ஆளே வராமல் ‘முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. சாக்கடை அப்படியே நிற்க, தீர்த்துவைத்த கணக்கில் உங்கள் புகாரும் ஏறிவிடுகிறது.

தன் பணிகளையும் வரவு செலவையும் ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பக்கத்தில் உங்கள் தெரு இருக்காது. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சி. இது தெரியாதவரை மண்டல அலுவலகத்துக்கும் வாரியத்தின் டெப்போவுக்கும் மாறி மாறி அலைய விடுவார்கள். ‘இது எங்க வேலை இல்ல’ என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கான சான்றுக்கு அலைவதைவிட ஸ்டாம்ப் ஒட்டுவதே மேல். அலுவலரின் பெயர் எழுதாமல் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று மட்டும் முகவரியிடுங்கள். இணையத்தில் பெயர் இருப்பவர் எப்போதோ மாற்றலாகிப் போயிருப்பார்.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வியில்தான். ‘ஏன் சரிசெய்யவில்லை?’ என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தப் புகார் எண்ணுக்கு எடுத்த நடவடிக்கை அறிக்கையின் நகல், ஆய்வு செய்த தேதி, எடுத்த புகைப்படம், புகாரை முடித்துவைத்தவரின் பெயரும் பதவியும். புகார் எண் இல்லாத மனு வீண்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே கணக்கு. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்புங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அந்த அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்தால் முடியும்.

அதனால்தான் இடையில் போன் வரும்: ‘மனுவை வாபஸ் வாங்குங்க, நாளைக்கே ஆள் அனுப்புறோம்.’ ஆள் வந்து அடைப்பை எடுத்தாலும் ‘திருப்தி’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மனு நகலையும் ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாவிட்டால் மனுவே வரவில்லை என்பார்கள்.