கார்க் கதவுக் கைப்பிடி ஆடுகிறதா? அந்தப் பசையைக் கீழே வையுங்கள்

மறுபடியும் ஒரு வண்டி. பின்கதவின் வெளிக் கைப்பிடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துப்போன சூப்பர் குளூ. உள்ளே குழந்தை சீட், கதவில் சைல்ட் லாக். வீட்டுக்குக் கீழே கார் பார்க்கில் நிறுத்தியிருக்கிறார்கள். வெளிக் கைப்பிடி அசையவில்லை. உள்ளிருந்து திறக்க சைல்ட் லாக் விடாது. மறுபக்கக் கதவைத் தூண் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடைசியில் அம்மா முன்சீட் இடுக்கு வழியாகப் பின்னால் நுழைந்து, பெல்ட்டைக் கழற்றிப் பிள்ளையை எடுத்திருக்கிறார்.

பட்டறைக்கு இப்படி வண்டிகள் வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பிடி வெளியே தெரிவதால் அதை வெளியிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை ஐயா. கதவுத் தகட்டுக்கு உள்பக்கம் ஒரு சட்டம் இருக்கும். கைப்பிடி அதில்தான் மாட்டியிருக்கும். அதை இறுக்கிப் பிடிப்பது ஸ்க்ரூ அல்லது நட்டு. தகட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ரப்பர் மட்டுமே. ஒட்டுவதற்கென்று அங்கே ஒன்றுமே இல்லை. கைப்பிடியில் ஆட வேண்டிய இடமும் உண்டு, ஆடக்கூடாத இடமும் உண்டு. பசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூ இடுக்கில் இறங்கி, கைப்பிடி திரும்பும் அச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் நின்றுவிடும், கூடவே கைப்பிடியை இழுக்கவும் வராது. ‘எபாக்ஸி போட்டால்?’ அதுவும் அதே கதைதான். இரட்டைப் பக்க டேப்பா? நம் சிங்கப்பூர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது. அப்புறம், ஒட்டிய கைப்பிடியைப் பெயர்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். அதற்கும் என்னிடம்தான் கோபப்படுவார்கள்.

“இன்னும் ரெண்டு வருஷத்துல ஸ்கிராப்தானே அண்ணே, எதுக்குச் செலவு?” என்பார்கள். சிஓஇயை, அதாவது இங்கே கார் வைத்திருக்க எடுக்க வேண்டிய பத்து வருட உரிமைச் சான்றிதழை, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தவர்கள் மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதால் அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ரெண்டு வருஷமும் தினம் அதே கதவைத்தானே திறக்கப் போகிறீர்கள்? அதே மாடல் வண்டிகள் இங்கே பத்து வருடத்திலேயே ஸ்கிராப்புக்குப் போவதால் பழைய கைப்பிடி கிடைப்பது பெரும்பாலும் சிரமமில்லை. வாங்கும்போது இடதா வலதா, சாவித் துளை உள்ளதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் எது ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். கைப்பிடியைப் பிடித்து லேசாக அசைக்கும்போது மொத்தமாகக் கதவை விட்டு நகர்ந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது உள்சட்டம் விரிசல் விட்டிருக்கும். அடிப்பாகம் உறுதியாக நிற்க, இழுக்கும் பாகம் மட்டும் தொங்கினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கைப்பிடி நன்றாக இழுபட்டும் கதவு திறக்கவில்லையென்றால் உள்ளே கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி, அதாவது ராடு, கழன்றிருக்கலாம், அல்லது அதன் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கலாம்.

வெறும் ஸ்க்ரூ என்றால் வேலை சுலபம். பல வண்டிகளில் கதவைத் திறந்தால் பூட்டு இருக்கும் விளிம்பில், கைப்பிடி உயரத்தில் ஒரு சின்ன ரப்பர் மூடி தெரியும். ஸ்க்ரூ அதற்குப் பின்னால். நட்சத்திரத் தலையாக இருந்தால் அதற்கான பிட்டை மட்டும் போடுங்கள். தட்டை ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகித் தலையை மழுக்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். பலம் காட்டியும் இறுக்காதீர்கள், பழைய பிளாஸ்டிக் சட்டம் பட்டென்று வெடிக்கும். ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் திரவம் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும். அதை பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

சில வண்டிகளில் உள் பேனலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கண்ணாடியை முழுதாக ஏற்றிவிடுங்கள், கையுறை போடுங்கள், உள்தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும். ஒயரைக் கழற்றி வைத்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். கதவில் ஏர்பேக் சென்சார் இருக்கும் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணையாமல் நிற்கும். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் குப்பை இல்லை. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, “ஏசியில நாத்தம் வருது” என்று வருபவர்களின் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ஈரம் நிற்கும்.

இதை மட்டும் மறக்கவே கூடாது. வேலை முடிந்ததும் கதவைச் சாத்தாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே, விளிம்பில் உள்ள பூட்டின் நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடுங்கள். ‘கிளிக்’ என்று விழும். இப்போது வெளிக் கைப்பிடியை இழுங்கள். நாக்கு விட்டுக்கொடுத்தால் சரி, இரண்டு மூன்று முறை அப்படியே செய்து பார்த்துவிட்டு அப்புறம் சாத்துங்கள். விடவில்லையென்றால் ராடு சரியாக உட்காரவில்லை. பார்க்காமல் சாத்திவிட்டு வெளிக் கைப்பிடியும் வேலை செய்யாமல், சைல்ட் லாக்கும் போட்டிருந்தால் அந்தக் கதவைத் திறக்கப் பேனலையே உடைக்க வேண்டிவரும்.

செய்யப் பயமாக இருந்தால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், தப்பில்லை. அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள். பின்கதவுக் கைப்பிடி ஆடினாலோ இழுக்கும்போது தடுமாறினாலோ இன்றைக்கே அந்தப் பக்கத்து சைல்ட் லாக்கை எடுத்துவிட்டு, பிள்ளையை மறுபக்க சீட்டுக்கு மாற்றுங்கள். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு கதவு எதுவும் திறக்கவில்லையென்றால், வெயிலில் நின்று கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல் அவசர உதவி எண் 995ஐக் கூப்பிடுங்கள்.