எதையும் தொடாமல் பிறக்கும் கண்ணாடி

“டிவி கடைக்குப் போனால் 50, 55, 58, 65, 75 என்கிறார்கள். 60 இன்ச் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. இந்த எண்களை யார் முடிவு செய்கிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இது கடைக்காரரோ விளம்பரக்காரரோ முடிவு செய்வதில்லை. கண்ணாடி வெட்டும் கணக்கு முடிவு செய்கிறது.

டிவியின் திரையான எல்சிடி பேனல்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரு பெரிய தாய்க் கண்ணாடியில் பல டிவிகளுக்கான டிரான்சிஸ்டர்களை (படப்புள்ளிகளை இயக்கும் நுண்ணிய மின் சுவிட்சுகளை) ஒரே சமயத்தில் பதித்துவிட்டு, அப்புறம்தான் துண்டு போடுகிறார்கள். அந்தத் தாய்க் கண்ணாடியின் அளவைத்தான் ‘தலைமுறை’ என்று தொழிலில் சொல்வார்கள். 8.5ஆம் தலைமுறை என்றால் 2200 × 2500 மி.மீ. அதில் 55 இன்ச் திரைகள் ஆறு கச்சிதமாக உட்காரும், சுமார் பத்தில் ஒரு பங்குதான் வீண். அதே கண்ணாடியில் 65 இன்ச் வெட்டினால் மூன்றுதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சிவிடும். அந்த மிச்சப் பட்டையில் ஆறு 32 இன்ச் திரைகளை எடுத்துவிடுவார்கள், சட்டை வெட்டிய துணியின் மிச்சத்தில் குழந்தைக்கு ஒன்று தைக்கும் தையல்காரர் மாதிரி.

சற்றே பெரிய 8.6ஆம் தலைமுறைக் கண்ணாடி எட்டு 50 இன்ச் அல்லது ஆறு 58 இன்ச் தரும். 10.5ஆம் தலைமுறை 2940 × 3370 மி.மீ. அதில் 65 இன்ச் எட்டு, 75 இன்ச் ஆறு. ஷார்ப் நிறுவனம் 2009-இல் ஜப்பானின் சகாயில் தொடங்கிய ஆலை 2880 × 3130 மி.மீ. கண்ணாடியைப் பயன்படுத்தியது. அதில் நன்றாகப் பொருந்தியவை 60 இன்ச்சும் 70 இன்ச்சும்தான். அந்த ஆலை 2024-இல் டிவி பேனல் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

சரி, இவ்வளவு பெரிய கண்ணாடியை எப்படிச் செய்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

10.5ஆம் தலைமுறைக் கண்ணாடி அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். பத்து சதுர மீட்டர் பரப்பு, எடையோ 12 கிலோ. ஒரு 4கே டிவியில் சுமார் 83 லட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு டிரான்சிஸ்டராவது வேண்டும். ஆக, ஒரு டிவிக்கே சுமார் இரண்டரைக் கோடி டிரான்சிஸ்டர்கள் இந்தப் பரப்பின் மேல் படிய வேண்டும். மேடு பள்ளம் இருக்கக் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் சோடியமும் ஆகாது, சூடேறும்போது அது நகர்ந்து போய் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்.

ஜன்னல் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த அருமையான முறை அது. ஆனால் ஒரு பக்கம் காற்றைத் தொட்டால் மறுபக்கம் வெள்ளீயத்தைத் தொடுகிறது. அந்த வழியில் டிஸ்ப்ளே கண்ணாடி செய்பவர்களும் உண்டு, அப்புறம் அதை மெருகேற்ற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் வேறு வழி பிடித்தது. நீளமான பீங்கான் தொட்டி ஒன்று. மேலே வாய்க்கால் போல் குழிந்திருக்கும், கீழே இரு பக்கமும் சரிந்து ஆப்பு போல் ஒரே விளிம்பில் முடியும். உருகிய கண்ணாடியைத் தொட்டியில் நிரப்பி வழியவிடுகிறார்கள். இரு பக்கமும் வழிந்து இறங்கும் இரண்டு படலங்கள் கீழ் விளிம்பில் சந்தித்து ஒன்றாகிவிடுகின்றன. இதில் அழகு என்னவென்றால், ஒவ்வொரு படலத்திலும் பீங்கானைத் தொட்டது உள்பக்கம் மட்டும்தான். இரண்டும் ஒட்டும்போது அந்த இரு உள்பக்கங்களும் தகட்டின் நடுவில் புதைந்துவிடுகின்றன! வெளியே தெரியும் இரண்டு முகங்களும் காற்றைத் தவிர எதையும் தொட்டதே இல்லை. அவற்றின் சொரசொரப்பு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, மெருகேற்ற வேண்டிய தேவையே இல்லை. தகட்டைக் கீழே இழுக்கும் உருளைகள்கூட ஓரங்களை மட்டும் பிடிக்கும், அந்த ஓரங்களைப் பிறகு வெட்டிவிடுவார்கள். எவ்வளவு வேகமாக இழுக்கிறார்கள் என்பதை வைத்துத் தடிமன் அமைகிறது.

தொட்டிக்குக் கண்ணாடி ஒரு முனையிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் மறுமுனையில் குறைவாக வழியாதா? வழியும். அதனால்தான் தொலைவு கூடக்கூடத் தொட்டியின் ஆழம் குறையும்படி கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். இன்னொரு எதிரியும் உண்டு. ஆயிரம் டிகிரிக்கு மேலான வெப்பத்தில் நாள் போகப்போகத் தொட்டியே தன் எடையால் நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் அதிகமாக வழியும், தகட்டின் தடிமன் மாறும். தொட்டி நீளமாக ஆக இந்தத் தொய்வும் மோசமாகும். அகலத் தகடுகள் வருவதற்கு இந்தப் பீங்கானின் மேல் நடந்த ஆராய்ச்சி பெரிய காரணம்.

இந்த முறையை 1960-களில் உருவாக்கியது காரின் முன்கண்ணாடிக்காக. சந்தையில் எடுபடாமல் ஓரங்கட்டப்பட்டது. 1980-களில் எல்சிடி வளர ஆரம்பித்தபோதுதான் தூசு தட்டி எடுத்தார்கள். மூன்று வருடத் திட்டம், முடிவில் ‘சமூகப் பயன்’ அறிக்கை என்று கேட்கும் நம் நிதி அமைப்புகளில் இப்படியொரு யோசனை பிழைத்திருக்குமா? கொல்கத்தாவில் 1950 முதல் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கேள்வி கேட்காத நீண்டகாலப் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடி உலையை நினைத்தவுடன் அணைக்க முடியாது. 2020 டிசம்பரில் ஜப்பானின் தகாட்சுகியில், டிஸ்ப்ளே கண்ணாடி செய்யும் நிப்பான் எலக்ட்ரிக் கிளாஸ் ஆலைக்கு மின்சாரம் நின்றது. ஏற்கெனவே இறுக்கமாக இருந்த பேனல் சந்தை இன்னும் இறுகியது. மூன்று மீட்டர் தகட்டை லாரியில் தொலைதூரம் கொண்டுபோவதும் கடினம். அதனால் உலை பேனல் ஆலையின் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. சீனாவின் ஹெஃபே நகரில் பேனல் செய்யும் பிஓஇ நிறுவனம் 10.5ஆம் தலைமுறை ஆலையைத் தொடங்கியபோது கார்னிங்கும் அதையொட்டியே கண்ணாடி ஆலை போட்டது. பேனல் தொழிலும் பெரும்பாலும் சீனாவுக்குப் போய்விட்டது. தென்கொரியாவின் சாம்சங் டிஸ்ப்ளே 2022-இல் எல்சிடியை விட்டது. எல்ஜி டிஸ்ப்ளே தன் குவாங்சோ ஆலையைச் சீனாவின் டிசிஎல் குழுமத்துக்கு விற்று, 2025-இல் கைமாற்றியது.

இந்தியாவுக்கு இந்தப் பேனல், பின்னொளி இல்லாத ‘ஓபன் செல்’ ஆக வருகிறது. இங்கே பின்னொளி, போர்டு, ஸ்பீக்கர், சட்டகம் சேர்த்து முழு டிவி ஆக்குகிறார்கள். தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல் அந்த ஓபன் செல்லுக்கே போய்விடுவதால், சீனாவில் பேனல் விலை ஏறினால் சில மாதங்களில் நம் ஊர்க் கடையிலும் ஏறுகிறது.